நாக்கு வைத்த சூப்

"மழுப்பக் கூடாது. வாயில வெச்சதும் என்ன தோணுதோ அதை அப்படியே சொல்லணும்."

"சொல்றோம்டா. முதல்ல ஊத்து. பரீட்சை ஹால்ல வாத்தியார் நிக்கிற மாதிரி நிக்காதே," என்றார் மாமா, அக்காவின் கணவர்.

அவன் ஊற்றினான். வருடக் கடைசி விடுமுறைக்கு எல்லோரும் அக்கா வீட்டில் கூடிவிடுவார்கள். மேஜையின் ஒரு முனையில் அப்பா, மறுமுனையில் மாமா, நடுவில் அக்காவும் அவன் மனைவியும். தர்பூசணியின் சிவப்பை விட்டுவிட்டு, குப்பைக்குப் போகிற வெள்ளைச் சதையைப் பூண்டோடு வேகவைத்து, அரைத்து, பால் விட்டு, மிளகு தூவியிருந்தான். கிண்ணங்களில் அது வெளிர்ப்பச்சையாக, விடியற்காலை ஏரியைப் போல ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

சின்ன வயதிலிருந்தே வீட்டில் அவன் பெயர் நாக்கு. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் எந்தத் தெருக் குழாய் என்று சொல்லிவிடுவான். அந்த நாக்கை நம்பித்தான் ஒரு ஹோட்டலில் மாஸ்டர் ஆனான். மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் அவன் மூக்கையும் நாக்கையும் சேர்த்துத் துடைத்துவிட்டுப் போனது. இனிமேல் எதிர்பார்க்க வேண்டாம் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். முதலாளிக்கு அது தெரியாது. சாப்பிட வருகிறவர்கள் பாதியில் எழுந்து போவது மட்டும் தெரியும். விடுமுறை முடிந்து வரும்போது புதிதாக ஒரு சூப் வைத்துக் காட்டு, தேறினால் வேலை, இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று சொல்லியிருந்தார்.

அதனால் அவனுக்கு ஒரு நாக்கு இரவல் வேண்டியிருந்தது. உள்ளதை உள்ளபடி சொல்ல ஒருவர் கிடைத்தால் போதும், மீதியைக் கைப்பழக்கம் பார்த்துக்கொள்ளும்.

"ஒரு வாரமா கேன்டீன் சாப்பாடு. நாக்கே செத்துப் போ..." என்று ஆரம்பித்த மாமா சட்டென்று வாயை மூடிக்கொண்டார். அக்கா மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்திருக்க வேண்டும்.

"சொல்லுங்க மாமா. உங்க நாக்கைத்தானே சொல்றீங்க," என்று அவனே சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"பிரமாதம்," என்றார் அப்பா. கரண்டி இன்னும் அவர் வாய்க்குப் போய்ச் சேரவில்லை.

"உப்பு அளந்து போட்ட மாதிரி இருக்கு," என்றார் மாமா.

"எல்லாமே சரியா இருக்குங்க," என்றாள் மனைவி, கிண்ணத்துக்குள் பார்த்தபடி.

அக்கா காலிக் கிண்ணத்தை நீட்டினாள். "எனக்கு இன்னும் கொஞ்சம்."

நான்கு முகங்களிலும் யாரோ ஒரே விளக்கை ஏற்றி வைத்தது போல இருந்தது. அவன் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனான். அக்கா பின்னாலேயே வந்தாள்.

காலையில் உப்பு தீர்ந்துவிட்டது என்று அவனைத்தான் கடைக்கு அனுப்பியிருந்தாள். வாங்கி வந்த பாக்கெட் அடுப்பு மேடையில் இருந்தது. அதன் முனைகூட வெட்டப்படவில்லை.

அக்கா அதைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"மறந்துட்டியா?"

"இல்லை. வேணும்னேதான் போடலை. யாராவது ஒருத்தர் சொல்வீங்கன்னு பார்த்தேன்."

"நீ வர்றதுக்கு முன்னாடியே பேசி வெச்சுக்கிட்டோம்டா," என்றாள் அக்கா, மெதுவாக. "எது வெச்சாலும் நல்லா இருக்குன்னு சொல்லணும்னு. உன் மனசு நோகக் கூடாது பாரு."

"மனசை எடுத்துட்டுப் போய் முதலாளிகிட்ட காட்டவா?"

கூடத்தில் அப்பா மாமாவிடம் சூப்பைப் புகழ்ந்துகொண்டிருந்தார்.

அவன் பாக்கெட்டின் முனையைப் பல்லால் கிழித்தான். இரண்டு துகள் உதட்டில் ஒட்டின. மணலாக இருந்தால்கூட அவனுக்கு அப்படித்தான் இருந்திருக்கும். கிண்ணத்தில் சூப்பை ஊற்றி, கை சொன்ன அளவு உப்பைப் போட்டுக் கலக்கி, ஒரு கரண்டி எடுத்து அக்காவிடம் கொடுத்தான். குடிப்பதற்கு முன்பே அவள் முகத்தில் அந்த விளக்கு எரியத் தொடங்கியது.

அவன் சுவரைப் பார்க்கத் திரும்பி நின்றான்.

"என் முகத்தைப் பார்க்காதே. நான் உன் தம்பின்னு நினைக்காதே. காசு குடுத்துச் சாப்பிட வந்தவ மாதிரி, உப்பு எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லுக்கா."