வடக்கு வேலிக்கு வெளியே

"நிறுத்துப்பா! நிறுத்து!"

லுட்மிலா ஓடினாள். ஐம்பத்தெட்டு வயது முழங்கால்கள் இரண்டும் தனித்தனியாகச் சபித்தன. ஒரு காலின் ஷூ சேற்றில் மாட்டிக்கொண்டது. அதை விட்டுவிட்டு ஓடினாள். மண்வாரி இயந்திரத்தின் இரும்புக் கை உயரே போய், பல்லை இளித்துக்கொண்டு கீழே இறங்கத் தொடங்கியிருந்தது. நேராக அதன் அடியில் போய் நின்று இரண்டு கைகளையும் விரித்தாள்.

இயந்திரம் இருமிக்கொண்டு நின்றது.

டிரைவர் சால்வதோரே தலையை வெளியே நீட்டினான். "ஏம்மா, சாகறதுன்னா முன்கூட்டியே சொல்றதில்லயா? பக்கத்துலயே இடம் இருக்கு, சரி. ஆனா அதுக்கு உங்க ஆபீஸ்லதான் ஃபாரம் வாங்கி எழுதணுமாமே!"

"இங்க தோண்டக் கூடாது."

"யார் சொன்னா?"

"நான் சொல்றேன்."

அவள் சொன்னால் சும்மா இல்லை. அமெரிக்காவின் பஃபலோ நகரத்துப் போலிஷ் சனம் நூறு வருஷமாகத் தங்கள் ஆட்களைப் புதைத்துவரும் அருளாளர் கிங்கா கல்லறைத் தோட்டம் அது. அதன் அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷமாக உட்கார்ந்திருப்பவள் லுட்மிலா. எந்த வரிசையில் எந்தக் குடும்பம், எந்த மருமகள் மாமியார் பக்கத்தில் படுக்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள், எல்லாம் மனப்பாடம்.

பங்குச்சாமியார் காரிகன் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். கையில் ஜூபிலிக்காக அச்சடித்த தோட்டத்து வரலாறு.

"என்ன லுட்மிலா இது? அஸ்திக் கலசம் வைக்கிற சுவருக்கு இன்னிக்கே அஸ்திவாரம் போட்டாகணும். ஞாயித்துக்கிழமை ஆயர் வர்றார்."

"இங்க ஆள் இருக்காங்க, ஃபாதர்."

"ஆளா?" அவர் புத்தகத்தைப் புரட்டினார். "பதினாலாம் பக்கம். 'வடக்கு வேலிக்கும் ரயில் பாதைக்கும் இடைப்பட்ட நிலம் ஒருபோதும் பயன்படுத்தப்படவில்லை.' யார் எழுதினது?"

அவள் காது மடல்கள் சுட்டன. "நான்தான்."

"இதைப் பார்த்துத்தானே இடத்தைக் குறிச்சோம்!"

"பொய் எழுதினேன், ஃபாதர்."

சால்வதோரே இயந்திரத்தை அணைத்தான். தொப்பியைக் கழற்றலாமா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஞானஸ்நானம் பெறாமல் செத்த சிசுவுக்கு மந்திரித்த மண்ணில் இடம் கிடையாது. அந்தக் காலத்து வழக்கம் அது. தகப்பன்காரன் பழப்பெட்டியில் வைத்துக் கொண்டுவருவான். குழிவெட்டுகிறவர் வேலியைத் தாண்டிப்போய் மண்ணைத் தள்ளி மூடுவார். மணி அடிக்காது. ஜெபம் கிடையாது. பதிவேட்டில் ஒரு வரிகூட ஏறாது. ஆனால் அந்தக் குழிவெட்டிக் கிழவர் தன் சொந்த நோட்டில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். அவர் போன பிறகு அது லுட்மிலாவின் கைக்கு வந்தது. படித்தாள். மூடினாள். இழுப்பறையின் அடியில் போட்டுப் பூட்டினாள்.

"எத்தனை பேர்?" என்றார் காரிகன்.

"நாப்பத்தி மூணு."

"ஏன் மறைச்ச?"

பதில் வேலிப் பக்கமிருந்து வந்தது.

"என்னால, ஃபாதர்."

அவளுடைய அக்கா அப்போலோனியா. எதிர்வீட்டில் மாவு பிசைந்துகொண்டிருந்தவள் இயந்திரச் சத்தம் கேட்டு அப்படியே வந்திருந்தாள். முழங்கை வரை மாவு.

"அதுல ஒண்ணு என் புள்ள. கல்யாணம் ஆகாம பெத்தேன். நாப்பத்தெட்டாம் வருஷத்துல. ஒரு மணி நேரம்கூட உசிரோட இல்ல. என் மானம் போகக் கூடாதுன்னு என் தங்கச்சி எழுதாம விட்டுட்டா. அப்படித்தானேடி?"

லுட்மிலா குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

காரிகன் மெதுவாகச் சொன்னார்: "அந்தப் புள்ளைகளைக் கடவுளோட இரக்கத்துல விட்டுடலாம்மா. இப்ப யாரும் அப்படி விலக்கி வைக்கிறதில்ல."

"இப்ப சொல்றீங்க. நான் மயக்கத்துல கிடந்தேன், ஃபாதர். ஒரு சொட்டு ஞானஸ்நானத் தண்ணி ஊத்த ஆளில்லாம போச்சேன்னு முப்பத்தொம்பது வருஷமா நெஞ்சு வேகுது. கல்லறைத் திருநாளுக்கு ஊரே உள்ள போய் ஜெபிக்கும். நான் வேலியோட நின்னுட்டுத் திரும்பிடுவேன்." தங்கையின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நீ எதுக்குடி அழுற, லூட்கா? எனக்காகத்தானே செஞ்ச? உன்னை மாதிரி யாருக்குடி தங்கச்சி கிடைக்கும்!"

காரிகன் கையசைத்தார். இயந்திரம் பின்னால் நகரத் தொடங்கியது. சுவர் இனி வேறெங்கோ எழும்பும். குழந்தைகளை யாரும் தொடமாட்டார்கள். வாயை மூடிக்கொண்டால் இதோடு முடிந்தது.

"உனக்காக இல்லக்கா" என்றாள் லுட்மிலா.

"என்னடி?"

"தண்ணி ஊத்தினேன். சமையக்கட்டுக் குவளையில மோந்து மூணு தடவை ஊத்தினேன். ஆபத்துன்னா யார் வேணா ஊத்தலாம்னு பள்ளிக்கூடத்துல சிஸ்டர் சொல்லிக் குடுத்ததுதானே. அப்ப மூச்சு இருந்துச்சுக்கா. கண்ணைச் சுருக்கிச்சு. சிரில்னு பேர் வெச்சேன்."

அப்போலோனியாவின் கை தோளிலிருந்து இறங்கியது.

"பழைய சாமியார் வாசப்படியிலயே நின்னு கேட்டார், யாராவது ஞானஸ்நானம் குடுத்தீங்களான்னு. ஆமான்னா பதிவேட்டுல அம்மான்னு உன் பேரும் ஏறும். எனக்குக் கல்யாண ஓலை கோயில்ல ரெண்டு ஞாயிறு வாசிச்சாச்சு. மூணாவது வாசிக்கணும். என்னைக் கட்டிக்க இருந்த வால்ட்டரோட அம்மாவுக்குத் தெரிஞ்சா அதோட நின்னுடும்."

அவள் நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"இல்லன்னு சொல்லிட்டேன்."