அடிப்பிடித்த பால்

கண்ணாடிக் கடையில் வருகிறவர்களின் பார்வையைச் சோதிப்பது அவள் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை இருட்டறையில் உட்கார்ந்து, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். எதிரே இருப்பவர்கள் தடுமாறுவார்கள். அவளுக்குப் பதில் முன்பே தெரிந்திருக்கும். வீட்டிலும் அப்படித்தான், வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அப்பேர்ப்பட்டவளை ஒரு மதியச் சாப்பாடு குழப்பிப் போட்டுவிட்டது.

அவள் தம்பியை வீட்டில் எல்லோரும் குட்டி என்பார்கள். நாற்பதை நெருங்கியும் குட்டிதான். டி.வி.யில் வருகிற பேர்போன சமையல்காரர் ஒருவரின் உணவகத்தில் அவனுக்கு வேலை. அந்தச் சமையல்காரரை ஊரே மாஸ்டர் என்று கூப்பிட்டது. எண்ணெய் டின்னில் அவர் முகம், பஸ்ஸின் முதுகில் அவர் முகம். குட்டி அங்கே சேர்ந்து வருஷக்கணக்காகியும் அக்கா அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அவள் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். வயிறு நிறையாத சாப்பாட்டுக்கு யாராவது அவ்வளவு காசு அழுவார்களா என்று பேச்சையே எடுக்க விடமாட்டார். கடைசியில் குட்டிதான் ஒற்றைக்காலில் நின்று, ஊழியர் குடும்பத்துக்கான சலுகையில் ஒரு மேசை பிடித்துக் கொடுத்தான். இந்தத் தடவை நீ வந்தே ஆகணும், ஏன் என்று கேட்காதே என்றான்.

முன்பு கிடங்காக இருந்த கட்டடம் அது. செங்கல் சுவரைப் பூசாமல் அப்படியே விட்டிருந்தார்கள். பூச்சு வேலையில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று கணவர் முணுமுணுத்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சமையலறை தெரிந்தது. வெள்ளைக் கோட்டுகளுக்கு நடுவே தம்பியின் முதுகை அவள் உடனே கண்டுகொண்டாள். குனிந்து வேலை செய்யும்போது அவனுக்கு இடது தோள் கொஞ்சம் தூக்கி நிற்கும். மாஸ்டரைக் காணோம். சுவரில் ஆளுயரப் படமாகக் கைகட்டி நின்றதோடு சரி.

தட்டுகள் வரத் தொடங்கின. தாம்பாளம் போல ஒரு தட்டு, நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு மீன் துண்டு. பரிமாறும் பெண் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளியில் பாட்டு ஒப்பிப்பதுபோல ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொன்னாள். கதை முடியும் முன்பே கணவர் தட்டை முடித்திருந்தார். மீன் நன்றாக இருக்கிறது என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் இவ்வளவு தூரம் வந்ததற்கு இது சரியா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

கடைசியாக ஒரு சின்னக் கிண்ணம் வந்தது. உள்ளே வெண்மையாக, குளிர்ந்து உறைந்த ஏதோ ஒன்று. மேலே பழுப்பாக, மெல்லிய ஏடு.

"இது மாஸ்டரோட சொந்த அனுபவம்ங்க," என்றாள் அந்தப் பெண். "அவருக்கு நாலஞ்சு வயசு இருக்கும்போது, அவங்க அம்மா விடியறதுக்குள்ள வேலைக்குக் கிளம்புவாங்களாம். ஒருநாள் அவசரத்துல பால் அடிப்பிடிச்சுப்போச்சு. வீட்டுல வேற ஒண்ணும் இல்ல. அம்மா அந்த அடியைச் சுரண்டி, சர்க்கரை போட்டு, 'இது ஸ்பெஷல் இனிப்புடா, சட்டியோட அடியில மட்டும்தான் கிடைக்கும்'னு சொல்லி ஊட்டிவிட்டாங்களாம்."

அடுத்த மேசையில் ஒருவர் அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளுக்கோ கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. அந்த வார்த்தைகள் அவளுடையவை. எட்டாம் வகுப்புப் படிக்கும்போது, மாடியில் இருந்த இரண்டு அறை வீட்டில், பால் குடிக்கமாட்டேன் என்று உதட்டைப் பூட்டிக்கொண்டிருந்த தம்பியிடம் அவள் சொன்னவை. அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முதல் ஷிப்டுக்குப் போய்விட்டிருப்பாள். இவள் கணக்குப் போட்டுக்கொண்டே பாலை மறந்துவிட்டாள். அன்றைக்கு அவனை ஏமாற்றச் சொன்னது, பிறகு அவனே அடிப்பிடிக்க வைக்கச் சொல்லி அடம்பிடிக்கும் அளவுக்குப் போய்விட்டது.

அவள் கரண்டியை வாயில் வைத்தாள். அதே ருசி. அதே லேசான கசப்பு, அதே புகைவாசம். ஆனால் அவள் ஒருநாளும் இவ்வளவு நன்றாகச் செய்ததில்லை. அதுதான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது. கோபப்படலாம் என்று பார்த்தால் கை கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தது.

குட்டி கோட்டோடு ஓடிவந்தான். முகமெல்லாம் பல். "கண்டுபிடிச்சியாக்கா? நம்ம அம்மா செஞ்சது."

"அவரு கதையா சொல்றாங்களேடா," என்றாள் அவள். அம்மா என்று அவன் சொன்னது அதற்குப் பிறகுதான் அவள் காதில் ஏறியது.

அவன் குரலைத் தாழ்த்தி விளக்கினான். புது மெனு போடும்போதெல்லாம் மாஸ்டர் சமையல்காரர்களை வட்டமாக உட்காரவைத்து, மறக்க முடியாத சாப்பாடு ஒன்றைச் சொல்லச் சொல்வாராம். இவன் சொன்னதை அவர் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாராம். "அவருக்கு அம்மா முகமே ஞாபகம் இல்லைக்கா. கைக்குழந்தையா இருக்கும்போதே போயிட்டாங்க. இதை நான் எடுத்துக்கட்டுமான்னு கேட்டாரு. எடுத்துக்கோங்கன்னேன். நான் பண்ணது தப்பா?"

அவள் பதில் சொல்லும் முன் மாஸ்டரே வந்துவிட்டார். படத்தில் இருப்பதைவிடக் குள்ளம். கண்ணுக்குக் கீழே வீக்கம். குட்டியின் அக்கா என்றதும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். குட்டி தன்னுடைய வலதுகை என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, பால் கதையை அவளிடமே சொல்லத் தொடங்கினார். சலவைச் சோப்பு வாசம் அடிக்கும் அம்மாவின் கையைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அது நடிப்பா இல்லையா என்று அவள் உற்றுப் பார்த்தாள். நடிப்பாகத் தெரியவில்லை. என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் அவர் கையைத் தட்டிக்கொடுத்து, "விடுங்க, அம்மா எங்கயும் போயிடல," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

காரில் திரும்பும்போது அவள் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டார். "இப்ப நாம கோபப்படணுமா, பெருமைப்படணுமா? ஒண்ணு சொல்லு. நானும் அதுக்குத் தகுந்தாப்புல இருக்கேன்," என்றார். தெரியவில்லை என்றாள் அவள். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவர் கேட்டதில்லை. அதன்பின் வீடு வரை வண்டியை மெதுவாகவே ஓட்டினார்.

வார விடுமுறையில் குட்டி வந்தான். மாஸ்டர் எடுத்துக்கொண்டதைக்கூட அவளால் விழுங்க முடிந்தது. தம்பியே தன்னை மறந்துபோனதுதான் தொண்டையில் முள்ளாக நின்றது. கேட்டே விடுவது என்று சமையலறை மேடையில் சாய்ந்தபடி ஆரம்பித்தாள். அம்மா இல்லை, நான்தான், அம்மா அந்நேரம் வேலையில் இருப்பாள் என்றாள்.

அவன் நம்பவில்லை. "அம்மாதான்க்கா. நல்லா ஞாபகம் இருக்கு. நீலத்துல உடுத்தியிருந்தாங்க."

"அது என் ஸ்கூல் யூனிபாரம்டா."

அவன் குழாயடியில் இருந்த பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தான். பிறகு மெல்லக் கேட்டான்: "அப்ப அம்மா எனக்கு ஊட்டினதா ஒண்ணுமே இல்லையா? எனக்கு அது ஒண்ணுதான் ஞாபகத்துல இருந்துச்சு."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. தன்னுடையதைத் திருப்பிக் கேட்கப் போய், அவனிடம் மிச்சமிருந்ததைப் பிடுங்கிக்கொண்டது போலாகிவிட்டது. அம்மா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம். சாட்சிக்கு யாரும் இல்லை.

"அம்மாவும் செஞ்சிருப்பா," என்றாள். "லீவு நாள்ல அவதானே அடுப்படியில நிப்பா. நீ கேட்டா செய்யாம இருப்பாளா?"

"நிஜமாவா, இல்ல எனக்காகச் சொல்றியா?"

"நிஜமாத்தான்," என்று சொல்லிவிட்டாள். அவன் முகம் தெளிந்தது. உடனே, வேண்டுமானால் மாஸ்டரிடம் பேசிக் கதையில் ஓர் அக்காவையும் சேர்க்கச் சொல்கிறேன் என்றான். அவருக்கு ஏதுடா அக்கா, வேண்டாம் விடு என்றாள். ஏன் வேண்டாம் என்றாள் என்பதும் அவளுக்கு விளங்கவில்லை.

அவன் போன பிறகுதான் விசித்திரம் தொடங்கியது. அவள் சொன்ன அந்தக் காட்சி, அம்மா அடுப்படியில் நின்று சட்டியைச் சுரண்டுவது, அவள் கண்முன் வந்து நின்றது. முதுகு தெரிந்தது, ஈரக் கூந்தல் முடிச்சு தெரிந்தது. அது அவள் கட்டிவிட்டதா, உண்மையிலேயே நடந்து அவளுக்கு மறந்துபோனதா? இப்படிப் பார்த்தாள், அப்படிப் பார்த்தாள். இரண்டும் ஒரே தெளிவாக இருந்தன.

மறுநாள் கடையில், கணக்குப் பார்க்கிற பெண் அவளைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த மாதம் அந்தப் பெண்ணுடைய அப்பா அம்மாவின் கல்யாண நாள். மாஸ்டரின் உணவகத்துக்குக் கூட்டிப் போகலாமா, கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று கேட்டாள். அவர் பெயருக்காகப் போகிறவர்களுக்கு அங்கே என்ன கிடைக்கிறது, யாருடையது கிடைக்கிறது என்று எங்கிருந்து சொல்லத் தொடங்குவது?

"சாப்பாடு நல்லா இருந்துச்சு," என்றாள். அது மட்டும்தான் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.