புழு போட்ட வட்டம்

பசலைக்கீரைக் கட்டை மூக்கருகே கொண்டுபோன சந்தைத் தலைவர், வரவேண்டிய வாசனை வராததுபோல முகத்தைச் சுளித்தார். "மண்ணே இல்லையேம்மா?"

"கழுவிட்டேன் சார்," என்றாள் கீரைக்காரி.

"கழுவிட்டீங்களா!"

கொலையை ஒப்புக்கொண்டவளைப் பார்ப்பதுபோல அவருடன் வந்த குழுவினர் இருவரும் அவளைப் பார்த்தார்கள். ஒருவர் கையிலிருந்த படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் பெருக்கல் குறி போட்டார்.

ஞாயிறுதோறும் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில்தான் உழவர் சந்தை. விவசாயிக்காகத் தங்கள் கார்களை நான்கு மணி நேரம் தெருவில் நிறுத்தும் தியாகத்தைப் பற்றிக் குடியிருப்புவாசிகள் யாரைக் கண்டாலும் சொல்லுவார்கள். இரண்டு மாதத்தில் அந்தத் தியாகம் அலுத்துப்போயிற்று. ஒரு வரிசை காருக்கு இடம்விட வேண்டும், அதனால் இரண்டு கீரைக்கடைகளில் ஒன்றுதான் இனி இருக்கும், உண்மையான விவசாயி எவர் என்று குழு பார்த்து முடிவு செய்யும் என்று போன வாரம் ஒலிபெருக்கியில் அறிவித்திருந்தார்கள். அறிவித்த தலைவர் முப்பது வருடம் குளிர்சாதனப் பெட்டி விற்றவர். விவசாயத்தில் அவருக்கிருந்த அனுபவம், பால்கனித் தொட்டியில் ஒரு புதினாச் செடியைச் சாகடித்தது மட்டும்.

"நடுவுல தரகன் இல்லை! விளைவிச்ச கையிலேர்ந்து உங்க கைக்கு! காய்ல சத்து குறையாது, உங்க காசு உங்க ஊரை விட்டுப் போகாது!" என்று வாரம் தவறாமல் அவர் முழங்கும்போது கீரைக்காரிக்கு எரிச்சலாக வரும். எரிச்சலுக்குக் காரணம், அந்த மனுஷன் சொல்வது அத்தனையும் உண்மை என்பதுதான். மண்டியில் அவளுடைய கீரை மதியம்வரை தரையில் கிடக்கும். வாடியபிறகு மண்டிக்காரர் வந்து செருப்புக்காலால் புரட்டிப் பார்த்து விலை சொல்லுவார். இங்கே விடியுமுன் அறுத்தது ஒன்பது மணிக்கு ஒருவர் பைக்குள் போய்விடுகிறது. வாங்குகிறவர் முகத்தைப் பார்த்து நல்லது கெட்டது சொல்லவும் முடிகிறது. ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒருத்தி வாரம் தவறாமல் வருவாள். போன வாரம்கூட வெண்டைக்காயைக் கூடையில் அள்ளியவளிடம், "அதை வைங்கம்மா, மழைக்கு முத்திப்போச்சு. கத்தரிக்காய் பிஞ்சா இருக்கு, அதை எடுத்துக்கங்க," என்று கீரைக்காரியே பிடுங்கி வைத்திருந்தாள். மண்டியில் யார் யாருக்குச் சொல்லப் போகிறார்கள்? இந்த இடம் போனால் மறுபடியும் அந்தச் செருப்புக்கால்தான்.

"கையைக் காட்டுங்க," என்றார் தலைவர்.

காட்டினாள். நகத்தில் அழுக்கில்லை. வெண்டை பறித்தால் அதன் பொடிமுள் அரிக்கும் என்பதால் அவள் உறை போட்டுத்தான் பறிப்பாள். அதைச் சொன்னாள்.

"உறையா? மண்ணைத் தொடவே கூச்சப்பட்டா எப்படிம்மா?"

"மண்ணுக்கு இல்ல சார், வெண்டைச் சுணைக்கு."

சுணை என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. இன்னொரு பெருக்கல் குறி விழுந்தது.

"இலையில ஒரு ஓட்டைகூட இல்லையே. மருந்து அடிக்கிறீங்களா?"

"வலை போட்டிருக்கேன் சார். பூச்சி உள்ள வராது."

"பூச்சிக்கும் பங்கு வேணும்மா. அதான் இயற்கை," என்று சொல்லிவிட்டு, இயற்கையைத் தேடிக் குழு பக்கத்துக் கீரைக்கடைக்கு நகர்ந்தது.

அங்கே கடைக்காரர் தாடி ஐயா கண்ணை மூடி நின்றிருந்தார். மூன்று வருடம் முன்புவரை விளம்பரக் கம்பெனியில் இருந்தவர். இப்போது கதர்ச் சட்டை, வெறுங்கால். அவருடைய கீரையும் கோஸும் மண்டியில் அதிகாலை வாங்கியவை என்பது கீரைக்காரிக்குத் தெரியும். சந்தைக்கு வருகிற வழியில் அவர் வேனை அங்கே இரண்டு முறை பார்த்திருக்கிறாள். அவற்றில் அப்பியிருந்த மண்ணுங்கூட நர்சரியில் பையில் அடைத்து விற்கிற மண். இவ்வளவு பொடியாக, கறுப்பாக எந்த வயலில் இருக்கிறது?

"ஒவ்வொரு கோஸும் எங்கிட்ட பேசும் சார்," என்றார் தாடி ஐயா. தலைவர் இலையெல்லாம் ஓட்டை விழுந்த ஒரு கோஸைக் காதருகே கொண்டுபோனார். என்ன கேட்டதோ, தலையாட்டினார்.

அந்த நேரத்தில்தான் கீரைக்காரியின் நாத்தனார், சும்மா வேடிக்கை பார்ப்பவள்போல் தாடி ஐயாவின் கூடைக்குள் கைவிட்டு எதையோ அள்ளிக்கொண்டு வந்தாள். உள்ளங்கையில் சின்னச் சின்னப் பச்சை வட்டங்கள். காகிதத்தைக் கோப்பில் கோக்க ஓட்டை போடும் கருவியிலிருந்து விழுமே, அதே அளவு, அதே அழகு.

"அண்ணி, இங்க பாருங்க. அவர் தோட்டத்துப் புழு ஆபீஸ்ல வேலை பாக்குது."

"சத்தம் போடாதடி."

"போடுவேன். இல்லன்னா நாமளும் சாக்கடையோரம் நாலு கை மண்ணை அள்ளிப் பூசிக்குவோம், வாங்க."

கீரைக்காரி அந்த வட்டங்களை வாங்கித் தலைவரிடம் கொண்டுபோய் நீட்டினாள். "சார், இதைக் கொஞ்சம் பாருங்க. புழு ஓரத்துலேர்ந்து கடிக்கும், கோணல்மாணலா கடிக்கும். இப்படித் துண்டு வெட்டி மிச்சம் வைக்காது."

தலைவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் சந்தேகம் ஒன்று வரப் பார்த்தது. ஆனால் அது வந்துவிட்டால் இரண்டு மாதச் சொற்பொழிவும் என்னாவது? பக்தி அதைத் தள்ளிவிட்டது.

"எவ்வளவு துல்லியம்!" என்றார் மற்றவர்களிடம். "இயற்கைக்கு யார் வட்டம் போடச் சொல்லிக்குடுத்தா?"

தாடி ஐயா அடக்கமாகத் தலைகுனிந்தார். படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் சரி விழுந்தது.

பத்து மணிக்கு முடிவு ஒலிபெருக்கியில் வந்தது. நாத்தனார் குழுவின் ஏழு தலைமுறையையும் முணுமுணுத்துக்கொண்டே கூடைகளை வெளியே தூக்கிவந்தாள். வேன் வர நேரமிருந்ததால் வாசல் கேட்டுக்கு வெளியே நடைபாதையில் இறக்கிவைத்தார்கள். நர்ஸம்மா தேடிக்கொண்டு வந்து குந்தி உட்கார்ந்தாள். "இங்க வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு, உள்ள போய் பிரசங்கம் கேக்க வேணாம்."

அவள் போனபிறகு, முக்காடுபோலத் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு இன்னொரு பெண்மணி வந்தாள். பையில் தாடி ஐயாவின் கோஸ் ஒன்று மேலாக இருந்தது. தலைவரின் மனைவி. வாரம் தவறாமல் முதல் வரிசையில் நின்று கைதட்டுபவள். சுற்றும்முற்றும் பார்த்தாள்.

"ஆறு கட்டுக் கீரை குடும்மா, சீக்கிரம். அந்தத் தாடிக்காரர் கீரையை அலசி அலசி என் இடுப்பு போச்சு. சிங்க்ல மண் அடைச்சுக்குது. இவருக்கென்ன, தின்னுட்டு மண்வாசனைம்பாரு."

"சார்கிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா அக்கா?" என்றாள் கீரைக்காரி.

"அய்யோ, நான் எதுக்குடியம்மா?" கோஸை எடுத்துக் கீரையைப் பையின் அடியில் திணித்து, கோஸை மறுபடி மேலே வைத்தாள். "அடுத்த வாரமும் இங்கயே இருப்பேல்ல?"

நாத்தனார் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். வாட்ச்மேன் கேட்டுக்குப் பின்னாலிருந்து, இங்கே கடை போடக்கூடாது என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். உள்ளே ஒலிபெருக்கி, விளைவித்த கையிலிருந்து உங்கள் கைக்கு என்று முழங்கியது. கீரைக்காரி குடத்திலிருந்து தண்ணீரை அள்ளி அள்ளி மிச்சக் கட்டுகள்மேல் தெளித்தாள். தண்ணீர் இலைகளில் உருண்டு, நடைபாதையில் சொட்டி, சரிவில் இறங்கி, கேட்டுக்கு அடியில் புகுந்து, வரிசையாக நிறுத்தப்போகும் கார்களுக்காகப் புதிதாகப் போட்டிருந்த வெள்ளைக் கோடுகளை நோக்கி மெல்ல ஓடியது.