நூற்றுப் பதினெட்டு மனுக்கள்

நூற்றுப் பதினெட்டு மனு. ஒன்றைக்கூட டெய்லரக்கா தபாலில் அனுப்பவில்லை. வாரத்துக்கு ஒருமுறை பஸ் ஏறிப் போய், நகராட்சி அலுவலகத்தின் தபால் பிரிவு ஜன்னலில் பத்துப் பத்தாக நீட்டி, ஒவ்வொன்றுக்கும் தேதி முத்திரை குத்திய ரசீது வாங்கி வந்தாள். ரசீதுகள் எல்லாம் தையல் மெஷின் இழுப்பறையில், நூல்கண்டுகளுக்கு அடியில் பத்திரமாக இருந்தன. மூன்று மாதத்துக்குள் நூறு மனு சேர்ந்தால் அதிகாரி நேரில் வந்து பார்த்தே ஆக வேண்டும். வந்து பார்த்தால் சந்து முனையில் பைக் புகாதபடி இரும்புக் கம்பங்கள் நடுவார்கள். கம்பம் வந்தால் அவள் கணவர் படி இறங்குவார். அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்தக் கடைசி ஒன்றுதான்.

அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டி ஒரு கோழியைக்கூட அடிக்காதவர். ஆறு மாதத்துக்கு முன் காலை ஷிஃப்ட் முடித்து, சாப்பாட்டுப் பையோடு சந்து முனையில் திரும்பியவரை, நடைபாதையில் ஏறி வந்த ஒரு டர்ட் பைக் அடித்துப் போட்டது. மேடும் பள்ளமுமான மண்தடத்தில் ஓட்டச் செய்த வண்டி அது; தெருவில் ஓட்ட அனுமதியே கிடையாது. நம்பர் பிளேட் இல்லை, முன்விளக்கு இல்லை. பெரிய சாலையின் மூன்று சிக்னலையும் ஏய்க்க, அந்த வண்டிக்காரர்களுக்குச் சந்துதான் குறுக்குவழி. மரம் அறுக்கிற மாதிரிச் சத்தம் போடுவதால் சந்தில் அதற்கு ரம்பம் என்று பெயர். 'ரம்பம் வருது' என்று யாராவது கத்தினால் நடக்கிறவர்கள் சுவரோடு பல்லியாக ஒட்டிக்கொள்வார்கள்.

இடுப்பெலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். "மூஞ்சியப் பாத்தீங்களா?" என்று ஆஸ்பத்திரியில் அவள் கேட்டபோது, "ஹெல்மெட் போட்டிருந்தான், ஒண்ணும் தெரியல" என்றார். போலீஸ்காரர் வந்து எழுதிக்கொண்டு போனார். "துரத்தக் கூடாதும்மா எங்களுக்கு. அவன் விழுந்து செத்தா எங்களைத்தான் கேப்பாங்க. வண்டி எங்க நிக்குதுன்னு சொல்லுங்க, வந்து தூக்கிட்டுப் போயிடறோம்" என்றார். எங்கே நிற்கிறது என்று சந்தில் யாருக்கும் தெரியவில்லை. அப்படித்தான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

தினமும் அரை மணி நேரம் சமதளத்தில் நடந்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் கால் அப்படியே இறுகிவிடும் என்றார் டாக்டர். அடுத்த மாதம் டிப்போவில் மருத்துவப் பரிசோதனை. நடக்க முடியாதவருக்கு ஸ்டியரிங் கிடையாது. அவரோ முதல் மாடியிலிருந்து இறங்கவே மாட்டேன் என்றார். கூடத்தில் சுவருக்குச் சுவர் எட்டு அடி. எட்டு எடுத்து வைப்பார், ஜன்னலுக்கு வெளியே ரம்பம் கேட்கும், உட்கார்ந்துவிடுவார். "முனையில கம்பம் நடட்டும். அப்பறம் நடக்கறேன்."

அதற்காகத்தான் கட்டிடத்தின் கீழே, வண்டி நிறுத்துகிற இடத்தில் சந்துக்காரர்கள் கூடினார்கள். மனு எழுதவேண்டும் என்றதும் பாதிப் பேர் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். "எனக்குக் குழாய் மாட்டச் சொல்லுங்க, மாட்டறேன். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், எனக்கே படிக்க வராது" என்றார் பிளம்பர். அப்போதுதான் பேனா சார் எழுந்தார். கடைசி வீட்டுக்காரர், நகராட்சியில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் மூன்று பேனா இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

"யாரும் கஷ்டப்பட வேணாம். எல்லாருக்கும் நானே எழுதறேன். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."

கைதட்டினார்கள். டெய்லரக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

எழுதினார். கடனே என்று ஒன்றைப் பார்த்து ஒன்றாக எழுதவில்லை. மாடி வீட்டு நர்ஸுக்கு வேலை முடிந்து திரும்பும்போது இருக்கும் பயத்தை எழுதினார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவருக்குப் பிரேக் அடித்த நாட்களை எழுதினார். அச்சு மாதிரி எழுத்து. அவருடைய 'ழ'வின் வால் தூண்டில் முள் மாதிரி வளைந்து மேலே ஏறும். "பின்னை இடது மூலையில குத்தும்மா, வலது பக்கம் குத்தினா திருப்பி அனுப்பிடுவாங்க" என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான்.

மூன்று மாதம் முடிந்த மறுநாள் காலை அவள் ஜன்னலில் நின்றாள். உள்ளே இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அக்கா, உங்க சந்துலேருந்து ஒரு மனுதான் வந்திருக்கு."

"ஒண்ணா? நல்லாப் பாரும்மா. நூத்திப் பதினெட்டு. ரசீது வச்சிருக்கேன்."

அந்தப் பெண் எழுந்துபோய்த் தலையணை கனத்துக்கு ஒரு காகிதக் கட்டை எடுத்து வந்தாள். "எல்லாம் பத்திரமா இருக்குக்கா. ஆனா கணக்குல ஒண்ணுதான். எல்லாமே ஒரே ஆளு எழுதினது இல்லையா?"

"எழுதினது ஒருத்தர். கையெழுத்து போட்டது நூத்திப் பதினெட்டு வீடு."

"போட்டது யாருன்னு பாக்க மாட்டாங்க, எழுதினது யாருன்னுதான் பாப்பாங்க. முன்னாடியெல்லாம் வாசல்ல உக்காந்து ஒரே ஆளு ஐந்நூறு மனு எழுதித் தள்ளுவாராம், பாதி பொய். அதுக்காகப் போட்ட ரூல்."

"யாருக்கும் தெரியாம ஒரு ரூலா?"

"தெரியாமலா? நீங்க கை வச்சிருக்கீங்களே, அதுக்குக் கீழதான் இருக்கு."

அவள் முழங்கையை எடுத்தாள். கவுன்ட்டர் கண்ணாடிக்கு அடியில் பழுப்பேறிய ஒரு தாள். மூன்று மாதமாக அதன்மேல்தான் கையை ஊன்றி நின்றிருக்கிறாள். *ஒரே கையால் எழுதப்பட்ட மனுக்கள் எத்தனை வரப்பெற்றாலும், அவற்றை முதல் மனுவுடன் இணைத்து ஒரே மனுவாகக் கொள்ள வேண்டும்.* படித்து முடிப்பதற்கு முன்பே 'எழுதப்பட்ட'வில் அந்த 'ழ' அவள் கண்ணில் குத்தியது. வால் வளைந்து மேலே ஏறியிருந்தது.

"இது யாரு எழுதினது?"

"பழைய சூப்பிரண்டண்ட். பதினோரு வருஷமாச்சு. அச்சடிச்ச மாதிரி இருக்குன்னு யாருக்கும் எடுக்க மனசு வரல. ரூல்னு வந்தா பெரிய கில்லாடியாம், இங்க இன்னும் பேசிக்குவாங்க." அந்தப் பெண் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "தனித்தனியா எழுதி எடுத்துட்டு வாங்கக்கா. நூறு வந்தா நானே மேல அனுப்பறேன்."

பஸ்ஸில் வரும்போது பேனா சாருக்காக அவளே வாதாடிப் பார்த்தாள். வயசாயிடுச்சு. பதினோரு வருஷத்துக்கு முந்தின சங்கதி. யாருக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும்? நிறுத்தம் வருகிற வரைக்கும் அது தாக்குப்பிடித்தது. இறங்கும்போது, பின்னை எந்த மூலையில் குத்தவேண்டும் என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு வாதாட ஒன்றும் மிச்சமில்லை.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். பாதியிலேயே அவர் முகம் வெளுத்துவிட்டது.

"கம்பம் நிச்சயமா வந்துடும்னாரே."

"யார்கிட்ட சொன்னாரு?"

"என்கிட்ட. ஆஸ்பத்திரியில. சத்தியம் பண்ணினாரு."

"அவர் எதுக்கு உங்ககிட்ட சத்தியம் பண்ணணும்?"

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"ஹெல்மெட் கண்ணாடியை மேல தூக்கி விட்டிருந்தான்" என்றார் கடைசியில். "மூஞ்சியப் பாத்தேன். அவரோட பையன்."

அவள் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"மறுநாளே வந்து என் காலைப் பிடிச்சுட்டு அழுதாரு. பையனுக்கு வேலைக்கு ஆர்டர் வந்திருக்கு, கேஸுன்னா போயிடும்னாரு. வண்டியை வித்துடறேன், கம்பம் நட வைக்கறது என் பொறுப்பு, மனு அத்தனையும் நானே எழுதறேன்னாரு. நமக்கு வேண்டியது கம்பம்தானேன்னு நானும்…"

"ஆறு மாசம். என்கிட்ட சொல்லணும்னு தோணவே இல்லையா?"

"சொன்னா நீ சும்மா இருப்பியா?"

இருந்திருக்க மாட்டாள். அது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் ஊர் முழுக்க அவளை அலைய விட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அந்தப் பையன் வேலையில் சேர இரண்டு சட்டை தைத்துக் கொடுத்தவள் அவள். தோள் அளவு எடுக்கும்போது, "அங்கிள் எப்படி இருக்காரு ஆன்ட்டி? நடக்கறாரா?" என்று கேட்டான். எவ்வளவு நல்ல பிள்ளை என்று அன்று சாயங்காலம் அவள் இவரிடமே சொன்னாள். "ம்" என்றார்.

நான்கு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. செஸ் ஆட பேனா சார் தினமும் வருகிற நேரம். செருப்பை வாசலில் ஜோடியாகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"என்ன டிரைவர் சார், நேத்து ராணியக் குடுத்தீங்க. இன்னைக்கு ராஜாவையே குடுத்துடுவீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. டெய்லரக்கா ரசீதுப் பையைக் கொண்டுவந்து பலகையின் நடுவில் வைத்தாள். இரண்டு சிப்பாய்கள் உருண்டு கீழே விழுந்தன.

"கவுன்ட்டர் கண்ணாடிக்கு அடியில உங்க எழுத்தப் பாத்தேன் சார். பதினோரு வருஷமாகியும் மங்கவே இல்ல."

அவர் சிப்பாய்களைக் குனிந்து எடுத்தார். எடுக்கத் தேவைக்கு மேல் நேரமானது.

"அதிகாரி வந்தா சும்மா போக மாட்டாங்கம்மா" என்றார். "கூடவே போலீஸ் வரும். வண்டி எங்க நிக்குதுன்னு வீடு வீடாக் கேப்பாங்க. என் ஷெட்டைத் தொறக்கச் சொல்லுவாங்க. நான் முப்பது வருஷம் இருந்த ஆபீஸ். எந்த மூஞ்சியோட தொறப்பேன்?"

"அதுக்கு முடியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம். நாங்க எங்க கோணல் எழுத்துல எழுதியிருப்போம். நீங்க எழுந்து நின்னு, கைதட்டு வாங்கி, நூத்திப் பதினெட்டும் எழுதினீங்களே. எப்படி சார் கை ஓடிச்சு?"

பேனா சார் சிப்பாய்களைப் பலகையில் நிறுத்தினார். சட்டைப் பைக்குக் கை போனது. "வேணும்னா மறுபடி எழுதித் தரேம்மா. எனக்கு நாலஞ்சு விதமா எழுத வரும்."

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்தது. பேனாவைத் தொட்ட கை அங்கேயே நின்றது.

கீழே ரம்பம் கேட்டது. முனையில் திரும்பி, சந்து முழுக்க அறுத்துக்கொண்டு போயிற்று. டிரைவர் நாற்காலிக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். பேனா சார் ஜன்னல் பக்கம் திரும்பாமலே, "இது அவன் இல்ல. அவன் வண்டி இவ்வளவு கீச்சுன்னு கத்தாது" என்றார்.

"கத்தாதா?" என்றார் டிரைவர் மெதுவாக. "அப்போ விக்கலையா?"

பேனா சார் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டெய்லரக்கா துணி வெட்டுகிற மேஜையிலிருந்து வெள்ளைத் தாள் கட்டைப் பிரித்தாள். ஒரு தாளைக் கணவர் முன் வைத்து, அளவு குறிக்கிற பேனாவை நீட்டினாள். "உங்க கையால எழுதுங்க. பாத்தத எழுதுங்க. போதும்."

டிரைவருக்கு டிரிப் ஷீட் எழுதித்தான் பழக்கம். நேரம், இடம், நடந்தது என்று வரி வரியாக, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். எதிரே பேனா சார் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து போகவில்லை. ஓரிடத்தில் பேனா நின்றது. பிறகு ஓடியது. கையெழுத்துப் போட்டு, தாளை நான்காக மடித்து அவளிடம் கொடுத்தார்.

அவள் அதைப் பிரிக்கவில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகாவது ஒன்றை நம்பவேண்டும் போல் இருந்தது. வெள்ளைத் தாள்களோடு பையில் வைத்துக்கொண்டு படி இறங்கினாள்.

முதல் கதவு பிளம்பருடையது. முகத்தில் சோப்பு நுரையோடு வந்தார்.

"மறுபடியும் மனுவா அக்கா? பேனா சார் எழுதலையா?"

"இல்ல. இந்தத் தடவை அவங்கவங்க கையால எழுதணும். அதான் ரூலாம்."

"என் எழுத்துதான் கோழி கிளறின மாதிரி இருக்குமே!"

"அதுதான் வேணும்."

"என்ன எழுதணும்னே தெரியாதுக்கா. வீட்டுக்காரர் எழுதியிருப்பாரே, அத ஒரு தடவை காட்டுங்க, பாத்துக்கறேன்."

அவள் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பிரித்தாள். மதியம் ஒன்று நாற்பது. சந்து முனை, நடைபாதை. நீல நிற டர்ட் பைக், நம்பர் பிளேட் இல்லை. எல்லாம் ஒழுங்காக, ஒரு நிறுத்தம்கூட விடாமல் இருந்தது. அதற்குக் கீழே: *ஓட்டியவர் – ஹெல்மெட் அணிந்திருந்ததால் முகம் தெரியவில்லை.*

"என்னக்கா?" என்றார் பிளம்பர்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். முதல் மாடி ஜன்னலில் அவர் நின்றுகொண்டிருந்தார். அவள் பார்த்ததும் திரையை இழுத்து மூடினார்.

தாளைக் கசக்கிப் போட்டிருக்கலாம். கை அப்படித்தான் போனது. ஆனால் அது அவர் கையால் எழுதியது, வேறு யாருடைய எழுத்தும் அல்ல. தபால் பிரிவு ஜன்னலில் இருக்கும் பெண் அதை ஒன்று என்று எண்ணிக்கொள்வாள். டெய்லரக்கா அதை மடித்த மடிப்பிலேயே மடித்துப் பையின் அடியில் போட்டாள்.

"ஒண்ணுமில்ல" என்று பிளம்பரிடம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினாள். "அத பாக்க வேணாம். நீங்க பாத்தத எழுதுங்க. இன்னும் தொண்ணூத்தொம்பது வேணும்."