ஆன் டியூட்டி

செவ்வாய்க்கிழமை என்ற ஒன்றைக் கண்டுபிடித்த ஆள் கையில் கிடைத்தால் மேஜரக்கா என்ன செய்வாள் என்று சொல்ல முடியாது. அவள் மேஜரெல்லாம் இல்லை. ராணுவத்தில் பதினொரு வருடம் லாரி ஓட்டியவள். விலகி வரும்போது சட்டைக் கையில் இரண்டு பட்டையும் இடுப்பில் தீராத வலியும்தான் மிச்சம். கல்லூரியில் முதல் நாள் பெயர் கூப்பிட்டபோது மற்றப் பிள்ளைகள் உட்கார்ந்த இடத்திலேயே முனக, இவள் மட்டும் எழுந்து விறைப்பாக நின்று "உள்ளேன் ஐயா" என்று கூரை அதிரச் சொன்னாள். விரிவுரையாளர் ஒரு பெண். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அன்று ஒட்டிக்கொண்ட பெயர் அது.

முன்னாள் ராணுவத்தினர் கல்லூரியில் சேர்ந்தால் கட்டணத்தையும் மாதச் செலவையும் நலத்துறை ஏற்கும். பிச்சையில்லை, உழைத்து வாங்கியது. ஆனால் கொடுக்கிற கைக்கு நிபந்தனை போடாவிட்டால் அரிக்குமே. ஒவ்வொரு பாடத்திலும் வருகை குறையக் கூடாது, ஒவ்வொரு தேர்வையும் எழுத வேண்டும். ஒன்று தவறினாலும் தொகை நின்றுவிடும், வாங்கியதையும் திருப்பிக் கட்ட வேண்டும். அவள் கணவன் ரொட்டிக் கடையில் அடுப்படி வேலை பார்ப்பவன். "திருப்பிக் கேட்டா அடுப்பைத்தான் விக்கணும். அதுவும் முதலாளியோடது" என்று அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். சிரிப்பு பாதியில் நின்றது.

அவள் எடுத்தது சாலை போடுகிற படிப்பு. ராணுவத்தில் கூட ஓட்டியவர்களில் ஒருத்தியை எல்லோரும் சின்னவள் என்று கூப்பிடுவார்கள். அப்படி நிதானமாக ஓட்டுகிறவளை மேஜரக்கா பார்த்ததில்லை. பின்னால் வருகிறவர்கள் திட்டுவார்கள், அவள் காதில் வாங்கமாட்டாள். ஒருநாள் தண்ணீர் லாரியோடு ஒரு வளைவில் வெளிப்பக்கமாகக் கவிழ்ந்து அங்கேயே போய்விட்டாள். விசாரணை நடந்தது. ஓட்டுநரின் கவனக்குறைவு என்று ஒற்றை வரி எழுதிக் கோப்பை மூடினார்கள். எதிர்த்துப் பேச ஆளில்லாதவள் தலையில் கட்டுவது எவ்வளவு சுலபம். பின்னால் வந்த லாரியில் இருந்தவள் மேஜரக்கா. வேகம் இல்லை என்று அவள் கண்ணால் பார்த்தாள். பிழை வண்டியிலும் இல்லை, சாலையில்தான் இருந்திருக்க வேண்டும். என்ன பிழை என்று சொல்லத்தான் அவளுக்குப் படிப்பு இல்லை. அதற்காகத்தான் முப்பத்தாறு வயதில், தன் வயதில் பாதி இருக்கிற பிள்ளைகளோடு பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சாலை வடிவமைப்புப் பாடம் செவ்வாய்க்கிழமை காலையில் நடக்கும். நலத்துறையில் ஆள் காட்டுகிற நாளும் செவ்வாய்க்கிழமை காலைதான்.

ஆள் காட்டுவது என்றால் இதுதான். எப்போதோ யாரோ பணத்தை வாங்கிக்கொண்டு கல்லூரிப் பக்கமே போகாமல் இருந்தார்களாம். அதனால் மாதம் ஒருமுறை ஒவ்வொருவரும் நேரில் வந்து, தான் தவறாமல் வகுப்புக்குப் போவதாகக் கையெழுத்துப் போட வேண்டும், வராவிட்டாலும் தொகை நின்றுவிடும். வகுப்பை விட்டுவிட்டு வந்து, வகுப்புக்குப் போகிறேன் என்று கையெழுத்து. இதை யோசித்தவர் உட்கார்ந்து யோசித்தாரா, படுத்துக்கொண்டு யோசித்தாரா என்று தெரியவில்லை. கணினி வேலை செய்யாவிட்டால் அடுத்த செவ்வாயும் வர வேண்டும். அந்தக் கணினி வேலை செய்த நாட்களைச் சொல்வதுதான் எளிது.

பருவம் முடியப் போகிற சமயத்தில் கல்லூரி அலுவலகத்து எழுத்தர் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். எல்லாப் பாடத்திலும் வருகை சரியாக இருக்கிறது, சாலை வடிவமைப்பில் மட்டும் விளிம்பில் நிற்கிறது. இனி ஒரு வகுப்பு தவறினாலும் அந்தத் தேர்வு எழுத முடியாது. வரும் செவ்வாய்தான் கடைசி வகுப்பு. வரும் செவ்வாய்தான் ஆள் காட்டும் நாளும்.

அவர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பையன் கைப்பந்துச் சட்டையோடு நின்றான். எழுத்தர் அவன் வராத நாட்களுக்கு நேராக ஆன் டியூட்டி, ஆன் டியூட்டி என்று மளமளவென்று எழுதிக்கொண்டே போனார். கல்லூரிக்காகப் பந்து தட்டப் போனால் ஆன் டியூட்டி, நடனமாடப் போனால் ஆன் டியூட்டி. வராவிட்டாலும் வந்த கணக்கு. மேஜரக்காவுக்கு வயிறு எரிந்தது. பதினொரு வருடம் அந்த இரண்டு சொல்லுக்காகத் தூக்கத்தை விட்டவள் அவள். தனக்கும் அப்படிப் போடக் கூடாதா என்று கேட்டாள்.

எழுத்தர் கெட்டவர் இல்லை. "அரசு வேலையாப் போனதுக்கு ஆதாரம் வேணும்மா. அந்த அலுவலகத்துல இருந்து தேதி போட்டு, முத்திரை குத்தி ஒரு தாள் கொண்டு வாங்க. கண்ணை மூடிக்கிட்டு எழுதிடறேன்."

அவள் அன்றே நலத்துறைக்கு ஓடினாள். அங்கிருந்த அதிகாரி எப்போதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைத் தேடுகிறவர், அதனால் வரிசையில் நிற்பவர்களுக்கு அவர் கண்ணாடிக்காரர். வரும் செவ்வாய் நான் இங்கே இருந்தேன் என்று ஒரு வரி எழுதித் தருவீர்களா என்று அவரிடம் கேட்டாள். அவர் பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வது போல, விளக்கினார்.

"செவ்வாய்க்கிழமை காலையில நீங்க இங்க இருந்தீங்கன்னு நானே எழுதிக் கொடுத்தா, வகுப்புல இல்லன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. அப்புறம் உங்க தொகையை நிறுத்த வேண்டியது வரும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"நீங்கதானே வரச் சொல்றீங்க?"

"வரணும். ஆனா வந்ததா எழுத்துல இருக்கக் கூடாது."

அவள் திரும்பி நடந்தாள். எதிரி சுடுகிற இடத்தில் வண்டி ஓட்டியிருக்கிறாள், இப்படி ஒரு வளைவை எங்கும் பார்த்ததில்லை.

செவ்வாய் வந்தது. கதவு திறக்கும் முன்பே போய் நின்றாள், சீக்கிரம் முடித்தால் ஓடிவிடலாம் என்ற நப்பாசை. அவளுக்கு முன்னால் ராணுவச் சமையல்காரர் ஒருவர் நின்றார். கணக்கியல் படிக்கிறவர், அவருக்கும் செவ்வாயில் வகுப்பு உண்டு. அந்த அறையில் நின்ற அத்தனை பேருக்கும் எங்கோ ஒரு வகுப்பு இவர்கள் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. கணினி படுத்துவிட்டது. எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். கல்லூரியில் வகுப்பு தொடங்கும் நேரம் வந்தது, தாண்டியது. எல்லாம் போயிற்று என்று அவளுக்குத் தெரிந்தது. சின்னவளின் பெயரும் அந்த ஒற்றை வரியும் கோப்புக்குள் அப்படியே கிடக்கப் போகின்றன.  அந்த நினைப்பே கோபமாக மாறியது.

கண்ணாடிக்காரர் கையாலேயே எழுதப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு எண்களைப் படிக்க ஆரம்பித்தார். அவள் எண் வந்தது, ராணுவத்தில் கொடுத்த அதே எண். அந்த எண்ணுக்கு அவள் வாழ்நாளில் ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறாள். காய்ச்சலிலும், கொட்டுகிற மழையிலும், சின்னவளைப் புதைத்த மறுநாள் காலையிலும் அதே "உள்ளேன் ஐயா"தான்.

அவள் எழுந்து விறைப்பாக நின்றாள். "வரலைங்க ஐயா."

அவர் நிமிர்ந்தார். "யார் வரல?"

"நான்தாங்க. நான் இங்க வந்ததா எழுத முடியாதுன்னு சொன்னீங்க. அப்ப நான் வரல. வகுப்புல இருக்கேன். வேணும்னா அங்க போய்ப் பாருங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த எண்ணைப் படித்தார். அது சமையல்காரருடையது. பெரிய உருவம், மெதுவாக எழுந்தார். "நானும் வரலைங்க ஐயா." அதற்கடுத்த எண்ணும் வரவில்லை, அதற்கடுத்ததும் வரவில்லை. நிறைந்து வழிகிற அறையில் ஒருவர்கூட வரவில்லை. ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு ஒருவர் சிரமப்பட்டு எழுந்து நின்று வரவில்லை என்றார். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

கண்ணாடிக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. கலகத்தைத் தொடங்கியவளை விடுவேனா என்று தாளை இழுத்தார். இன்ன தேதி, காலை இத்தனை மணிக்கு, இந்த அலுவலகத்தில், இன்ன பதிவெண் கொண்ட பயனாளி பொதுப்பணிக்கு இடையூறு செய்து மரியாதைக் குறைவாக நடந்துகொண்டார் என்று எழுதி, விளக்கம் கேட்டுக் கையெழுத்திட்டு, முத்திரையை எடுத்து மேசை அதிர ஓங்கிக் குத்தினார்.

அந்தச் சத்தத்தில்தான் அவளுக்குப் பொறி தட்டியது. தேதி இருந்தது, நேரம் இருந்தது, இடமும் முத்திரையும் இருந்தன. கெஞ்சியபோது கிடைக்காத தாள், கேட்காமலேயே கண்முன் வந்து விழுந்திருந்தது. அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"ரொம்ப நன்றிங்க ஐயா. இதுல ஒரு நகல் கிடைக்குமா?"

அவர் விழித்தார். கண்ணாடியைத் தேடினார். சமையல்காரர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துப் பார்த்தார். விஷயம் புரிந்ததும், தானும்தானே வரவில்லை என்றேன், தனக்கு மட்டும் ஏன் இல்லை என்று அதிகாரியிடம் மல்லுக்கு நின்றார். அவருக்குப் பின்னால் வரிசை நகர்ந்து வந்தது.

கல்லூரி எழுத்தர் தாளை மேலிருந்து கீழாகப் படித்தார். மரியாதைக் குறைவு என்ற இடத்தில் கொஞ்சம் நின்றார். "அரசு அலுவலகத்துல இருந்தீங்கங்கறது தெளிவாத்தான் இருக்கு" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தச் செவ்வாய்க்கு நேராக ஆன் டியூட்டி என்று எழுதினார். மேஜரக்கா அந்த இரண்டு சொல்லைப் பார்த்தபடி நின்றாள். சந்தோஷமாக இருக்க வேண்டும், இல்லை. பதினொரு வருடம் சொன்னபடி கேட்டதற்குக் கிடைக்காதது, ஒருநாள் காலை கேட்காமல் போனதற்குக் கிடைத்திருக்கிறது. இதற்கு அவள் யாருக்கு நன்றி சொல்வது?

தவறிப்போன பாடத்தை விரிவுரையாளர் மதிய இடைவேளையில் தன் சாப்பாட்டை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டுச் சொல்லிக்கொடுத்தார். வளைவில் சாலை இப்படி இருக்க வேண்டும் என்று ஒரு புத்தகத்தைச் சாய்த்து, அதன்மேல் பேனா மூடியை நிறுத்திக் காட்டினார். மேஜரக்கா அந்தப் புத்தகத்தைத் தட்டையாக வைத்துப் பார்த்தாள், திரும்பச் சாய்த்தாள். சின்னவள் கவிழ்ந்த அந்த வளைவு தட்டையாக இருந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. 

தேர்வில் மூன்றாவது கேள்வியாக அது வந்தது. வளைவில் சாலையின் வெளி விளிம்பை உயர்த்துவது ஏன்? சுருக்கமாக எழுதுக என்று இருந்தது. அவள் சுருக்கமாக எழுதவில்லை. பாரம், வேகம், வண்டியை வெளியே தள்ளுகிற விசை, படம் எல்லாம் போட்டு, உயர்த்தாமல் விட்டால் நிதானமாகப் போகிற கனத்த வண்டிகூடக் கவிழும் என்று முடித்தாள். பேனாவை மூடி வைத்தாள். பிறகு மறுபடி திறந்து, கேள்வியில் யாரும் கேட்காத ஒரு வரியை அதன் கீழே எழுதினாள்: ஓட்டியவள் மேல் தவறில்லை.