பாலைவன அரசனின் இரைச்சல்

பாலைவன அரசனுக்கு ஏற்ற குரல் இந்தப் பூமியில் ஒன்றே ஒன்றுதான் உண்டு, அது தன் தொண்டையில்தான் இருக்கிறது என்று லிஜின் அறிவித்தான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

கல்லூரிக் கூட்டாளிகள் சிலர் சேர்ந்து ஒரு வீடியோ கேமில் இங்கிலீஷ் குரல்களைத் தூக்கிவிட்டுத் தமிழ்க் குரல்களை வைத்துக்கொண்டிருந்தோம். அவரவர் வீட்டில் பேசிப் பதிந்து அனுப்புவார்கள். கேமுக்குள் சேர்ப்பது என் வேலை. பாலைவன அரசனாகப் பேசியது லிஜின். சூனியக்காரியாகப் பேசிய பெமிலா, தக்கலையில் தன் வீட்டில் தலைவழியே கம்பளியைப் போர்த்திக்கொண்டு பதிந்தாள். வெளிச்சத்தம் வராதாம்.

"அடை கெடக்குத கோழி கணக்கா?" என்றான் லிஜின். "கொரலு உள்ளவனுக்குக் கம்பளி எதுக்கு?"

அதைக் காட்டவேண்டிய கல்லூரி விழா நெருங்கியபோது கேமை ஓட்டிப் பார்த்தோம். சொட்டுத் தண்ணீர் இல்லாத மணல்வெளியில், அரசன் வாய் திறக்கும்போதெல்லாம் பின்னால் 'ஸ்ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல். வாயை மூடினால் அதுவும் நின்றது.

லிஜின் என்னைப் பார்த்த பார்வையில் விசாரணை முடிந்து தீர்ப்பே எழுதியிருந்தது.

"எலே சுதன், பெமிலா உனக்கு என்ன வாங்கித் தந்தா?"

"ஒண்ணும் தரல்ல மக்கா. நீ அனுப்புனத அப்படியே போட்டேன்."

"பின்னே பாம்பு மாதிரி சீறுகது ஆரு? அவளாக்கும். எனக்க எடத்துக்கு வாறதுக்கு."

அந்த இடம் ஆடித்தான் போயிருந்தது. நாளைக்குள் சுத்தமான பதிவு வராவிட்டால் அரசனை அரசியாக்கிப் பெமிலாவிடம் கொடுத்துவிடுவது என்று அவன் எதிரிலேயே முடிவாயிற்று.

மறுநாள் காலை, மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் உள்ள தன் வீட்டுக்கு என்னை வரவழைத்தான். வாசலிலேயே என் செல்போனைப் பறித்து அரிசிப் பானைக்குள் புதைத்தான். கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னான். மின்விசிறியை நிறுத்தினான். பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினான். பிறகு வாயை இறுக மூடிக்கொண்டு வெறும் அமைதியைப் பதிந்து, அதைப் போட்டுக் கேட்டான்.

ஸ்ஸ்ஸ்.

என் கைகளைப் பார்த்தான். லேப்டாப்பைத் தூக்கி அடியில் பார்த்தான். அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்த தங்கை ஜெமியைப் பார்த்தான்.

"ஏட்டி, நீயும் அவளுக்க கூட்டா?"

"அது கடலுல்லா," என்றாள் ஜெமி, தலை நிமிராமல்.

"கடலா?" லிஜின் ஜன்னலை முதன்முறையாகப் பார்ப்பவன்போல் பார்த்தான். "அது எப்பவும் உள்ளதுதானே. அதுக்குச் சத்தம் உண்டா?"

நான் கடற்சத்தம் எட்டாத திருவட்டாறுகாரன். பஸ்ஸை விட்டு இறங்கியபோதே அந்த இரைச்சல் எனக்குப் பிடிபட்டுவிட்டது. கை கட்டி நிற்பவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

செல்போனைத் தோண்டியெடுத்து, அரிசியைத் தட்டிவிட்டு வந்தபோது அறைக்கதவு சாத்தியிருந்தது. திறந்தேன். அவன் அப்பா குவைத்திலிருந்து கொண்டுவந்த புலிப்படம் போட்ட கம்பளி கட்டில்மேல் ஒரு குன்றாக எழுந்து நின்றது. மைக்கின் வயர் அதற்குள் போயிற்று. இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே இருந்தன.

"இந்தப் பாலைவனம் என் ஆணைக்கு அடங்கும்," என்றது குன்று, வியர்த்த குரலில். சற்று நிறுத்தி, தாழ்ந்த குரலில் சொன்னது:

"கதவ அடைலே. கடலு உள்ள வருது."