சுப்ரியாவின் இடது கால்

வித்யாசாகர் பாலத்தின் ஏற்றத்தில் கார் உறுமியது, நகரத்தான் மனசில்லை. ராகவன் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க என்ஜின் தொண்டை கிழியக் கத்தியது. வண்டியோ ஆடி அசைந்து ஊர்ந்தது. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனை விடாமல் அழுத்தி வங்காளத்தில் திட்டினான். காருக்குள் கருகல் நாற்றம் ஏறியது.

பக்கத்து சீட்டில் இருந்த அவர் மனைவி சுப்ரியாவுக்கு அந்த நாற்றம் நன்றாகத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் இதே நாற்றம் வந்தபோதுதான் அவள் கையிலிருந்த சாவி போனது.

"எல்லாம் நீ அன்னிக்குப் பண்ணின கைங்கரியம்" என்றார் ராகவன். "அந்த டேமேஜ் இன்னும் உள்ளயே இருக்கு."

கேட்டீர்களா நியாயத்தை! நாலு வருஷமாக அந்தக் கிளட்ச் பெடலில் அவர் காலைத் தவிர வேறு கால் பட்டதில்லை. புது கிளட்ச் ப்ளேட் போட்டு, அதையும் அவரே ஓட்டித் தீர்த்திருக்கிறார். அப்படியும் பழி இவள் காலுக்குத்தான். சுப்ரியா ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். பேசிப் பேசி அலுத்துப்போன விஷயம்.

ராகவனின் முழுப்பெயர் ஸ்ரீனிவாசராகவன். மெட்ராஸிலிருந்து பேங்க் உத்தியோகத்துக்காகக் கல்கத்தா வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் வங்காளம் வாயில் நுழையவில்லை. ஹிந்தியை வைத்தே காலம் தள்ளுகிறார். சுப்ரியா இங்கேயே பிறந்தவள். ரயில்வே கார்டாக இருந்த அப்பா ரிட்டயரானதும் சாந்த்ராகாச்சியிலேயே வீடு கட்டிக்கொண்டார். அவர் போன பிறகு அம்மா ராஜம் மட்டும் அந்த வீட்டில் தனியாக இருந்தாள்.

முப்பத்தெட்டு வயதில் சுப்ரியா டிரைவிங் கற்றுக்கொண்டதே அம்மாவுக்காகத்தான். சனிக்கிழமை காலை பாலிகஞ்சில் வண்டியை எடுத்தால் பாலத்தைத் தாண்டி முக்கால் மணியில் அம்மா வாசல். கண் டாக்டர், கோயில், சில நாள் சும்மா கங்கைக் கரை. அந்த ஒரு நாள்தான் அவளுக்கு முழுசாக அவளுடையது. யாரையும் கேட்க வேண்டாம், யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

அப்போதுதான் கிளட்ச் போனது. ராகவன் வண்டியை கிடர்பூரில் மெக்கானிக் ரஞ்சனிடம் காட்டிவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார்.

"கிளட்ச் மேல காலை வெச்சுண்டே ஓட்டறயாம். காலோட தப்புன்னு அவன் வாயாலயே சொல்லிட்டான். கொஞ்ச நாள் நீ ஓட்ட வேண்டாம்."

அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. அதோடு விட்டாரா மனுஷர்? நவராத்திரி, பூணூல், ரிசப்ஷன் என்று நாலு தமிழ்க்காரர்கள் கூடும் இடமெல்லாம் இதே கதைதான். "ஆத்துக்கு வலது காலை எடுத்து வெச்சுதான் வந்தா. இடது காலோட மகிமை கார் வாங்கினப்புறம்தானே தெரிஞ்சது!" எல்லோரும் சிரிப்பார்கள். சுப்ரியாவும் சிரிப்பாள். வேறென்ன செய்வது? நாளாக ஆக, அவளே அதை நம்ப ஆரம்பித்தாள்.

பஸ் மாறி பஸ் ஏறி அம்மாவைப் பார்க்கப் போவது மாசத்துக்கு ஒரு தடவை ஆனது. சுப்ரியாவுக்கு முழங்கால் வலி வந்த பிறகு அதுவும் குறைந்தது. போன வருஷம் ராஜம் வீட்டைப் பூட்டிக்கொண்டு கோயம்புத்தூருக்கு, மகன் கோபுவிடம் போய்விட்டாள். அன்றைக்கு ஸ்டேஷனிலிருந்து திரும்பும்போது சுப்ரியா தன் காலைத்தான் சபித்தாள். இந்தப் பாழாய்ப்போன கால் கிளட்சில் ஒழுங்காக இருந்திருந்தால் அம்மா இங்கேயே இருந்திருப்பாளே!

இப்போது பாலத்தை ஒருவழியாகத் தாண்டி வண்டியை கிடர்பூருக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். ரஞ்சன் சக்கரங்களுக்கு முன்னால் செங்கல் வைத்தார். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, நாலாவது கியரைப் போட்டு, கிளட்சிலிருந்து காலை மெல்ல எடுத்தார். கிளட்ச் நன்றாக இருந்தால் என்ஜின் திணறி அணைந்திருக்க வேண்டும். இது ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது.

"ஸ்லிப் ஆகுது. இறக்கிப் பார்த்தால்தான் காரணம் தெரியும்" என்றார் வங்காளத்தில்.

இரண்டு நாள் கழித்து ராகவன் கிளம்பும்போது, நானும் வருவேன் என்று சுப்ரியா பிடிவாதமாகக் கூடவே போனாள். ஆயிரம் பேர் முன்னால் பழி கேட்டாயிற்று, சாட்சியையாவது கண்ணால் பார்ப்போமே!

கியர்பாக்ஸ் தரையில் கிடந்தது. ரஞ்சன் இரண்டு ப்ளேட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று ஏதோ டாக்ஸியில் கழற்றியது. காய்ந்து, சூட்டில் கருத்து, ஒரேயடியாகத் தேய்ந்திருந்தது. இன்னொன்று இவர்களுடையது. இதில் தேய்மானம் அதிகமில்லை. எண்ணெயில் ஊறிப் பளபளவென்று வழுக்கியது.

"பௌதி, கால் வைத்தே ஓட்டினால் இந்த டாக்ஸி ப்ளேட் மாதிரி ஆகும். உங்களுடையது எண்ணெய் குடித்திருக்கிறது. என்ஜினுக்குப் பின்னால் இருக்கும் ஆயில் சீல் கசிகிறது. போன தடவையும் இதேதான். தாதாவிடம் அன்றைக்கே சொன்னேனே!" என்றார் ரஞ்சன். பௌதி என்றால் அண்ணி, தாதா என்றால் அண்ணன்; அந்த ஊர் மரியாதை.

"அன்றைக்கு என்ன சொன்னீர்கள்?" சுப்ரியாவின் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"பாயேர் தோஷ் நா, தாதா. ஸீலேர் தோஷ்."

காலின் தப்பு இல்லை, சீலின் தப்பு. வங்காளத்தில் கடைசியில் வரும் அந்த 'நா' என்றால் இல்லை. இந்த ஊரில் மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரியும்.

ராகவன் நெற்றியில் அடித்துக்கொண்டு பெரிதாகச் சிரித்தார். "ஐயையோ! ஹிந்தியில 'ஹை நா'ம்பாளே, அப்படியாக்கும்னு நெனச்சுட்டேன். காலோட தப்புதானே தாதான்னு அவன் கேக்கறான்னு தலையாட்டிட்டு வந்துட்டேன்! சீல் கீல்னு சொன்னதை எக்ஸ்ட்ரா வேலை இழுத்து விடறான்னு விட்டுட்டேன்."

சுப்ரியாவுக்குக் குப்பென்று கோபம் வந்தது. நாலு வருஷம்! ஒரு 'நா' புரியாததற்கு நாலு வருஷம்! ஆனால் கோபத்துக்கு மேல் வேறொன்று பொங்கிக்கொண்டு வந்தது. தப்பு என் காலில் இல்லை. இல்லவே இல்லை. அந்த நிம்மதியில் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாஷை தெரியாத மனுஷர், வேண்டுமென்றா செய்தார் என்று மனசு தானாகவே மன்னித்தது.

சீல் மாற்றி, புது ப்ளேட் போட்டு வண்டி தயாரானதும் ராகவன் சாவியை நீட்டினார். "இந்தா. இனிமே நீயே ஓட்டு." என்ன தாராளம்!

சந்து முனையில் இரண்டு தடவை என்ஜின் அணைந்தது. மூன்றாம் தடவை கால் தன் வேலையை நினைவுபடுத்திக்கொண்டது. கிடர்பூரிலிருந்து பாலிகஞ்ச் வரை அவளே ஓட்டி வந்தாள். வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் பெட்ரூமுக்குப் போய் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, கேட்டியா? கிளட்ச் போனது என் காலால இல்லையாம்மா! ஆயில் கசிஞ்சிருக்கு. இவர் மெக்கானிக் சொன்னதைத் தப்பாப் புரிஞ்சுண்டிருக்கார்!"

"அதான் தெரியுமேடி" என்றாள் ராஜம்.

"என்ன தெரியும்?"

"மாப்பிள்ளை அப்பவே சொன்னாரே. அடுத்த மாசமே அந்த மெக்கானிக் ஹிந்தில வெளக்கிச் சொன்னானாம். நான்தான் தப்பாப் புரிஞ்சுண்டுட்டேன் மாமின்னு சொல்லிச் சிரிச்சார்."

சுப்ரியா கட்டிலில் உட்கார்ந்தாள். "நீ ஏம்மா எங்கிட்ட சொல்லலை?"

"அவர்தான், அவளுக்குத் தெரிய வேண்டாம், இப்படியே இருக்கட்டும்னார். எனக்கும் அதுதான் சரின்னு பட்டுது. அத்தனை லாரிக்கு நடுவுல அந்தப் பாலத்துல நீ தனியா வரயேன்னு சனிக்கிழமைன்னாலே எனக்கு வயத்தைக் கலக்கும். உன் நல்லதுக்குத்தானேடி?"

"நான் வர முடியாமதானேம்மா நீ வீட்டைப் பூட்டிண்டு போனே?"

"அதுக்கென்ன பண்றது? நீ கையும் காலுமா நன்னா இருக்கியே, அது போதும் எனக்கு."

சுப்ரியா போனைக் கட்டிலில் போட்டாள். அம்மாவுக்காக அழுத அழுகையெல்லாம் எதற்கு? அதை அம்மா போனில் கேட்டுக்கொண்டு, தெரிந்தே, சமாதானம் வேறு சொல்லியிருக்கிறாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து, பாசமாக, அவளுடைய சனிக்கிழமையைக் கொன்றிருக்கிறார்கள்.

எழுந்து ஹாலுக்குப் போனாள். ராகவன் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். டிவியை மறைத்துக்கொண்டு அவள் எதிரில் நின்றாள்.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

எது என்று அவர் கேட்கவில்லை. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார்.

"உங்கம்மா சொல்லிட்டாளா?" என்றார்.